37 பிள்ளைகள், 9 ஸ்மார்ட்போன்: பள்ளி திறக்கும்வரை ஊரிலேயே எப்படிப் படிக்க வைப்பது?

கேட்டவர்: வேப்பமரத்தடி | 2021 ஜூலை 4

எங்கள் ஊர் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிறது. காலனியிலும், அதற்கு அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள இருளர் குடியிருப்பிலும் சேர்த்து ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 37 பிள்ளைகள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளி மூடியதோடு சரி, இவர்கள் யாரும் வகுப்பறைக்குள் உட்காரவில்லை. பெரிய வகுப்புகளுக்காவது இந்த ஜனவரி, பிப்ரவரியில் கொஞ்ச நாள் திறந்தார்கள். எட்டாவது வரைக்கும் ஒரு நாள்கூட இல்லை.

கையில் இருப்பது இவ்வளவுதான். 26 வீடுகளில் 9 ஸ்மார்ட்போன். அதில் நாலு போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரிதான் வீடு திரும்பும். டி.வி. 22 வீடுகளில் உண்டு. 11 பிள்ளைகளின் குடும்பங்கள் இப்போதுதான் செங்கல் சூளையிலிருந்து வந்திருக்கின்றன, தை பிறந்ததும் மறுபடி கிளம்பிவிடும். சொல்லிக்கொடுக்க நாலு பேர் இருக்கிறோம்: ஒருவர் பி.எட். முடித்தவர், இருவர் கல்லூரி மாணவிகள், ஒருவர் பிளஸ் டூ முடித்தவர். நால்வரும் முதல் தவணை தடுப்பூசி போட்டாயிற்று. ஊரில் வசூலானது 15,000 ரூபாய். இடம் என்று பார்த்தால் கோயில் முன்னால் வேப்பமரத்தடி, அல்லது சமுதாயக் கூடம். கூடத்துக்கு ஒரு பக்கம்தான் ஜன்னல்.

பணத்தை டேப்லெட்டில் போடலாமா? எட்டு வகுப்பை நாலு பேர் எப்படிச் சமாளிப்பது? தொற்று பரவாமல் நடத்த என்ன செய்ய வேண்டும்? சூளைக்குப் போகும் பிள்ளைகளை எப்படி விடாமல் பிடித்துக்கொள்வது? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பதில்: தொடக்கநிலை டீச்சர் | ஜூலை 4

முதலில் வகுப்புக் கணக்கை மறந்துவிடுங்கள் தம்பி. இன்று இரண்டாம் வகுப்பு என்று பதிவேட்டில் இருக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்பின் கடைசிப் பருவம் முடியும் முன்பே வீட்டுக்குப் போனது. நாலாம் வகுப்புப் பிள்ளை படித்ததில் பாதியை மறந்திருக்கும். அதனால் எந்த வகுப்பு என்று கேட்டுப் பிரிக்காமல், எதை வாசிக்க வருகிறது என்று பார்த்துப் பிரியுங்கள்.

சோதிக்கும் விதம் இது. ஒரு தாளில் ஐந்து எழுத்து, ஐந்து எளிய சொல், நாலு வரிப் பத்தி ஒன்று, எட்டுப் பத்து வரியில் ஒரு சிறுகதை என எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துகள் விரலளவு பெரிதாக இருக்கட்டும். பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். தடுமாறாமல், மூன்று பிழைக்குள் படித்தால் கதையைக் கொடுங்கள். பத்தி வரவில்லையென்றால் சொல்லுக்கு இறங்குங்கள். ஐந்தில் நாலு சரியென்றால் அந்தப் பிள்ளை சொல் நிலை. சொல்லும் வரவில்லையென்றால் எழுத்து, அங்கும் ஐந்துக்கு நாலு. இது அசர் என்று கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் கணக்கெடுப்பில் பல வருஷமாகப் பயன்படுத்தும் முறைதான். ஒரு பிள்ளைக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகும். நாலு பேர் பிரித்துக்கொண்டால் 37 பேரையும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிடும், விரல் ஒரு வரியிலும் வாய் இன்னொரு வரியிலும் போய்க்கொண்டிருக்கும். அதுவரை பார்க்காத வரிகளாக நீங்களே எழுதுங்கள். மற்ற பிள்ளைகள் காதில் விழும் தூரத்திலும் சோதிக்க வேண்டாம். முதலாவது, கேட்டுக்கொண்டிருந்து சொல்லிவிடும். இரண்டாவது, தப்பாகப் படித்த பிள்ளை மறுநாள் வராது.

கிடைப்பதை வைத்து நாலு குழு போடுங்கள்: எழுத்தே தெரியாதவர்கள், எழுத்து தெரிந்து சொல் கூடாதவர்கள், சொல்லும் பத்தியும் படிப்பவர்கள், கதை படிப்பவர்கள். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பி.எட். முடித்தவரை எட்டாம் வகுப்புக்குப் போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். அவரை முதல் குழுவுக்கே போடுங்கள். ஆகக் கடினமான வேலை அங்கேதான் இருக்கிறது.

அந்த முதல் குழுவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அ முதல் ஔ, பிறகு க ங ச ஞ என்று வரிசையாகப் போனால் 247 எழுத்தும் முடிவதற்குள் பிள்ளைக்குப் படிப்பே வெறுத்துவிடும். ஙா, ஙி, ஙீ என்று எழுதிப் பார்த்து யாருக்கு என்ன லாபம்? ங் ஒன்று தெரிந்தால் தங்கமும் சங்கும் படிக்கலாம். எழுத சுலபமாகவும் சொல் நிறைய கிடைக்கும்படியாகவும் ஐந்து எழுத்தை எடுங்கள்: ப, ட, ம, க, ல. புள்ளியைத் தனிப் பாடமாக்காமல் முதல் நாளே சொல்லோடு சேர்த்துக் காட்டுங்கள். படம், மடம், கல், பல், கடல், பகல், மடல், பட்டம், பக்கம், கட்டம். ஐந்தே எழுத்தில் பத்துச் சொல் வந்துவிட்டது! மூன்றாம் நாள் பிள்ளை ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட்டால் அப்புறம் நீங்கள் கூப்பிடாமலே வரும். அடுத்த வாரம் துணைக்கால்: பால், கால், பாடம், மாடம், காகம், மாமா. அதற்குப் பிறகு ர, த, வ, ந என்று நாலு நாலாகச் சேருங்கள்.

உகர வரிசையில்தான் பலர் தேங்கிப் போவார்கள், ஏனென்றால் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். வரிசையாகச் சொல்லாமல் ஒரே சாயலுள்ளவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு ஒரு கூட்டம். து, நு, ணு, லு, று, னு இன்னொரு கூட்டம். ஒரு நாளைக்கு ஒரு கூட்டத்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.

கொம்பு எழுத்துகளில் வேறு சிக்கல். காதில் முதலில் விழுவது ‘ம்’, கண்ணில் முதலில் படுவது கொம்பு. ‘மேடு’ எழுதச் சொன்னால் ம எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் ஒட்டும் பிள்ளைகள் உண்டு. அதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், ஒலிக்கும் வரிசையில்தான் அது எழுதுகிறது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு மூன்றையும் தனி அட்டையில் வெட்டி, எழுத்து அட்டைக்கு இடப்பக்கம் கையால் வைக்கச் செய்யுங்கள். பத்து நாளில் கை பழகிவிடும். ொ, ோ இரண்டையும் அதற்குப் பிறகே தொடுங்கள்.

ஒரு நாளுக்கு 90 நிமிஷம் போதும். முதல் பத்து நிமிஷம் பேச்சு: நேற்று என்ன சமைத்தார்கள், ஆடு குட்டி போட்டதா, எதுவானாலும் சரி. அதில் பிள்ளை சொன்ன ஒரு வரியைப் பலகையில் எழுதுங்கள், அதுவே அன்றைய வாசிப்பு. பிறகு 20 நிமிஷம் வாசிப்பு, 15 நிமிஷம் எழுத்து அட்டை விளையாட்டு, 20 நிமிஷம் சிலேட்டில் எழுதுவது, மிச்சம் கணக்கு. பத்து வகுப்பு முடிந்ததும் மறுபடி சோதித்து, தேறியவரை அடுத்த குழுவுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் ‘மக்குக் குழு’ என்று பெயர் நிலைத்துவிடும், அந்தப் பெயர் வந்தபின் எத்தனை நல்ல முறையும் வேலை செய்யாது.

கதை படிக்கும் குழுவுக்குப் பாடப்புத்தகம் மட்டும் போதாது. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நாலு நிலைகளாகப் பிரித்து இலவசமாக இருக்கின்றன, அச்செடுக்கவும் தடையில்லை. முப்பது கதையைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துத் தையல் போட்டு வைத்துக்கொண்டால் அது ஒரு நூலகம்.

---

பதில்: கரும்பலகை | ஜூலை 5

டேப்லெட் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வாங்காதீர்கள்.

15,000 ரூபாய்க்கு இரண்டு வரும். ஒரு கருவிக்கு 18 பிள்ளைகள், தலைக்கு 20 நிமிஷம் என்றாலும் ஆறு மணி நேரம். ரீசார்ஜும் ஒவ்வொன்றுக்கும் தனியாக வேண்டும், அதற்கு மாதாமாதம் யார் கொடுப்பார்கள்? திரை உடைந்தால் அன்றோடு திட்டமும் உடைந்தது. கருவி இருந்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்பதும் இல்லை. 2020 செப்டம்பரில் கிராமங்களில் அசர் தொலைபேசியில் கேட்டபோது பத்தில் ஆறு பிள்ளைகள் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. நேரலை வகுப்பு கிடைத்ததோ பத்தில் ஒருவருக்குத்தான்.

அந்தப் பணத்தில் முதலில் பலகை செய்யுங்கள். ஜார்க்கண்டில் தும்கா மாவட்டத்தின் டுமர்தர் கிராமத்தில் போன வருஷம் வீட்டுச் சுவர்களிலேயே பிள்ளைக்கு ஒன்றாகக் கரும்பலகை வரைந்து, தள்ளித் தள்ளி உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். அதே வேலையை இங்கும் செய்யலாம். சிமெண்ட் பூசிய சுவரில் நாலடிக்கு மூன்றடி அளவில் நாலு பலகை என்றால் 48 சதுர அடி. கரும்பலகை பெயிண்ட் ஒரு லிட்டர் இரண்டு பூச்சுக்குப் போதும். பூசும் முன் உப்புத்தாளால் தேய்த்துப் பொருக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாக்பீஸ் குதிக்கும். முதல் பூச்சு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அவசரப்பட்டு இரண்டாவது பூசினால் தோல் தோலாக உரியும். மண்சுவருக்குப் பெயிண்ட் பிடிக்காது. அடுப்புக்கரியைக் கோவையிலைச் சாற்றில் அரைத்துப் பூசுங்கள், வாரம் ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். சிலர் ஊமத்தை இலை சொல்வார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் வேண்டாம்.

மீதியில் ஆளுக்கு ஒரு சிலேட்டு, குச்சி, நாலு கோடு நோட்டு ஒன்று, சாதா நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு. விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் மொத்தமாக வாங்கினால் பிள்ளைக்கு 120 ரூபாய்க்குள் அடக்கலாம். 37 பேருக்கு 4,440. பெயிண்ட், அட்டை, கதை அச்சு எல்லாம் சேர்த்து இன்னொரு 3,000. பாதிப் பணம் கையில் நிற்கும். அதை நிற்கவே விடுங்கள், நோட்டும் சோப்பும் மூன்றாம் மாதம் மறுபடி வாங்க வேண்டும்.

இருக்கும் போன்களை ஆறு, ஏழு, எட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்வித் தொலைக்காட்சி அரசு கேபிளில் 200ஆவது சேனல். அதே பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. ஆனால் யூடியூப் செயலிக்குள் சேமித்ததை மெமரி கார்டில் ஏற்றி இன்னொரு போனில் ஓட்ட முடியாது. பாடப்புத்தகத்திலுள்ள கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் வரும் தீக்‌ஷா செயலியில் இறக்கிய பாடத்தைப் பக்கத்துப் போனுக்கு அனுப்பலாம், அந்தப் போனிலும் தீக்‌ஷா இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டி.வி. பாடத்தை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். அது நிற்காது, திரும்பச் சொல்லாது. கேரளத்தில் 2020 ஜூன் 1ஆம் தேதியே விக்டர்ஸ் என்ற அரசுக் கல்விச் சேனலில் பாடம் தொடங்கியபோது, டி.வி. இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொது டி.வி. வைத்தார்கள். பக்கத்தில் விளக்க ஆள் இருந்தால்தான் அதில் பலன். தன்னார்வலர் பாடத்தை முன்கூட்டிப் பார்த்து, மூன்று கேள்வி எழுதி வைத்துக்கொண்டு, முடிந்ததும் 20 நிமிஷம் பேசட்டும்.

---

பதில்: கணக்குப்புலி | ஜூலை 5

கணக்குக்குத் தனிச் சோதனை வையுங்கள். வாசிப்பில் நாலாம் குழு, கணக்கில் முதல் குழு என்று நிறையப் பேர் இருப்பார்கள். ஓரிலக்க எண் ஐந்து, ஈரிலக்க எண் ஐந்து, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு இரண்டு, மூன்றிலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுக்கும் கணக்கு ஒன்று. இது போதும்.

வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. தென்னை ஈர்க்குச்சியை விரல்நீளத்துக்கு நறுக்கி ஆளுக்கு நூறு. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டால் பத்துக் கட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பை, யாரும் மாற்றிக்கொள்ளக் கூடாது. தொற்றுக்காக மட்டும் சொல்லவில்லை, பொதுக் குவியலாக வைத்தால் இரண்டு பிள்ளை எண்ணும், ஆறு பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

52-இல் 27 போனால் மிச்சம் 35 என்று எழுதும் பிள்ளைகள் அதிகம். சின்னதிலிருந்து பெரியது போகாது என்பதால் 7-இல் 2 கழித்து 5 என்று போட்டுவிடுகின்றன. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று வாயால் சொல்லிப் பயனில்லை. ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் எடுக்கச் சொல்லுங்கள். ஏழு குச்சி கொடு என்று கேளுங்கள். கையில் இரண்டுதான். என்ன செய்வாய்? ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்த்ததும் கட்டு நாலு, குச்சி பன்னிரண்டு. அவிழ்த்த பிறகுதான் அதைத் தாளில் எழுத வேண்டும். ஒரு வாரம் குச்சியும் தாளும் சேர்ந்தே போகட்டும், பிறகு குச்சியை எடுத்துவிடலாம். மூன்றாம் நாளே எடுத்துவிட்டால் 35 திரும்பி வரும்.

எண்ணின் பெயரிலும் பிள்ளை வழுக்கும். ‘நூற்றைந்து’ என்றால் 1005 என்று எழுதும், காதில் விழுந்ததை எழுதுகிறது. ‘தொண்ணூற்றொன்று’ என்பதில் நூறு ஒலிப்பதால் 901 வரும். அட்டையில் 100, 5 என்று தனித்தனியே எழுதி, 5-ஐ நூற்றின் கடைசிச் சுழி மேல் வைத்து மூடிக் காட்டுங்கள். 105 தெரியும். தொண்ணூறுக்கு ஒன்பது கட்டை அடுக்கி, நூறுக்கு இன்னும் ஒரு கட்டு குறைகிறது பார் என்று காட்டுங்கள்.

வாய்ப்பாட்டை 16 வரை ஒப்பிக்க வைப்பதில் இந்த மாதம் நேரம் செலவிட வேண்டாம். 2, 5, 10 தெரிந்தால் வகுத்தல் தொடங்கலாம்.

---

பதில்: ஊர்நலச் செவிலி | ஜூலை 6

கூடம் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில் பத்துப் பேர் சேர்ந்து சத்தமாக வாசித்தால் காற்று அங்கேயே தேங்கும். மரத்தடி, களத்துமேடு, பள்ளி மைதானம் ஏதாவது ஒன்று. மழை வந்தால் அன்று விடுமுறை, உள்ளே கூட்டிப் போகாதீர்கள். இந்த மாதங்களில் சாயங்காலம் இடிமழை வரும் என்பதால், முடிந்த குழுக்களைக் காலை 7 முதல் 8.30 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேர், பத்துப் பேர் என்று போட்ட குழு கலையக் கூடாது. குழு மாற்றுவதைப் பத்து வகுப்புக்கு ஒரு முறை மட்டும் செய்யுங்கள். ஒரு தன்னார்வலர் ஒரு குழுவுக்கே. இரண்டு குழு ஒரே நேரத்தில் என்றால் கூப்பிட்டால் கேட்காத தூரம் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கிடையே ஆறடி என்பதற்குச் சுண்ணாம்பு வட்டம் போட்டுவிட்டால் வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு முகக்கவசம் வேண்டாம். ஆறு முதல் பதினொன்று வரை பெரியவர் பார்வையில் போடலாம். தன்னார்வலர் மூக்கை மூடி, மூன்றடுக்குத் துணிக் கவசம், எப்போதும். பிள்ளை உதட்டைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஆறடி தள்ளி நின்று ஒரு நிமிஷம் இறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

தினமும் தொடங்கும் முன் மூன்று கேள்வி: உனக்குக் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு உண்டா? வீட்டில் யாருக்காவது உண்டா? சோற்றின் மணமே தெரியவில்லை என்று யாராவது புலம்பினார்களா? ஒரு வீட்டில் தொற்று உறுதியானால் அந்தக் குழுவுக்கு மட்டும் 14 நாள் நிறுத்தம். எல்லாக் குழுவையும் நிறுத்த வேண்டியதில்லை, குழு கலக்காமல் வைத்திருப்பதே அதற்காகத்தான். கர்நாடகத்தில் போன ஆகஸ்டில் வித்யாகமா என்று ஊர் ஊராக மரத்தடி வகுப்பு தொடங்கி, தொற்றுச் செய்திகள் வந்ததும் அக்டோபரில் மொத்தமாக நிறுத்தினார்கள். ஆசிரியர் ஒருவரே பல இடங்களுக்குப் போய்வருவது ஆபத்து. உங்கள் தன்னார்வலர் இரண்டு குடியிருப்புக்கும் தினம் மாறி மாறிப் போக வேண்டாம்.

கை கழுவ ஐந்து லிட்டர் கேன் ஒன்றை, சுட்ட ஆணியால் மூடிக்கு அரைச் சாண் கீழே ஒரு துளை போட்டு, இரண்டு கவட்டைக் கம்புக்கு நடுவே தொங்கவிடுங்கள். மூடியில் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு குச்சி. காலால் மிதித்தால் கேன் சாயும், தண்ணீர் கொட்டும், கை எதையும் தொடாது. சோப்பைப் பழைய காலுறையில் போட்டுப் பக்கத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் காக்கை கொண்டு போய்விடும்.

கோவிஷீல்டு என்றால் இரண்டாம் தவணைக்கு 84 நாள் கழிய வேண்டும். தேதியைக் குறித்து வையுங்கள். வீட்டில் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊசி போடாமல் இருந்தால் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே கையோடு பேசி அனுப்பிவையுங்கள். வகுப்பு தொடங்கும் முன் ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., பள்ளித் தலைமை ஆசிரியர் மூவருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

---

கேட்டவர்: வேப்பமரத்தடி | ஜூலை 8

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி நேற்றும் இன்றும் சோதித்துவிட்டோம். எழுத்தே தெரியாதவர்கள் 14 பேர், எழுத்து மட்டும் 9, சொல்லும் பத்தியும் 8, கதை 6. எழுத்து தெரியாத 14 பேரில் இரண்டு பேர் ஏழாம் வகுப்புப் பையன்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டோம் என்று எழுந்து போய்விட்டார்கள். இருளர் குடியிருப்பிலிருந்து 13 பேர் வர வேண்டும், வேப்பமரத்தடிக்கு 5 பேர்தான் வந்தார்கள். மற்ற பிள்ளைகளை அவர்கள் வீட்டு வாசலிலேயே போய்ச் சோதித்தோம்.

---

பதில்: களப்பணியாளர் | ஜூலை 8

கோயில் முகப்புதான் காரணமாக இருக்கும். அந்த இடத்தில் காலம் காலமாக யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும், நீங்கள் கூப்பிட்டாலும் கால் வராது. இருளர் குடியிருப்பிலேயே ஒரு குழுவை வையுங்கள், காலனிப் பிள்ளைகளில் அந்த நிலையில் உள்ளவர்கள் அங்கே நடந்து வரட்டும். 14 பேரை எப்படியும் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அந்தக் குடியிருப்பில் எட்டாவது தாண்டிய பெண் யாராவது இருந்தால் உதவியாளராகச் சேர்த்து, கையிலிருக்கும் பணத்தில் மாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள். பிள்ளையை வீட்டுக்குப் போய் அழைத்து வர அவரால்தான் முடியும்.

சூளைப் பிள்ளைகளுக்கு இப்போது டிசம்பர் வரை ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் வாசிப்பு வந்துவிட்டால் போன இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். போகும் முன் செய்ய வேண்டியவை: பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை கணினிப் பதிவில் பிள்ளைக்குத் தரும் எண்) தலைமை ஆசிரியர் பெயரையும் ஒரு அட்டையில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் டி.சி. இல்லை என்று சேர்க்க மறுத்தால், கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5ஆம் பிரிவைச் சொல்லுங்கள். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது, அது 14ஆம் பிரிவு.

பழங்குடிச் சான்று வேறு விஷயம். அது இல்லாவிட்டாலும் பள்ளியில் சேரலாம், ஆனால் பிற்பாடு உதவித்தொகைக்கும் விடுதிக்கும் அலைய விடுவார்கள். அதைக் கொடுப்பவர் கோட்டாட்சியர். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் இப்போதே போட்டுவையுங்கள், விசாரணைக்கு வரும்போது குடும்பம் ஊரில் இருக்க வேண்டும். தை மாதத்தில் வந்து கதவு பூட்டியிருந்தால் கோப்பு அப்படியே கிடக்கும்.

போன பிறகு போனில் பாடம் நடத்தலாம், ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். போட்ஸ்வானாவில் 2020-இல் பள்ளி மூடியபோது செய்து பார்த்த முறை: வாரத்துக்குச் சில கணக்குகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பி, பிறகு 20 நிமிஷம் பேசுவது. குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியதில் சொல்லும்படியான பலன் இல்லை. அழைத்துப் பேசியவர்கள் முன்னேறினார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரைக்குக் கூப்பிடுங்கள், சூளையில் அப்போதுதான் ஆள் கிடைக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு கணக்கு, படிக்க நாலு வரி, போன வாரத்துக் கணக்கு ஒன்று. பேலன்ஸ் உங்கள் பக்கம் இருக்கட்டும், மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லாதீர்கள், மறந்துவிடுவார்கள்.

ஏழு, எட்டு படிக்கும் பெண் பிள்ளை நாலு நாள் தொடர்ந்து வரவில்லையென்றால் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போங்கள். கல்யாணப் பேச்சு என்றாலோ, 14 வயதுக்குட்பட்ட பையனைக் கடையிலோ பட்டறையிலோ விட்டுவிட்டார்கள் என்றாலோ 1098-க்கு அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அதற்கு முன் வீட்டில் பேசிப் பாருங்கள். முன்பணம் வாங்கிய கடன் பின்னால் இருந்தால் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இன்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும், பிள்ளையை மட்டும் மீட்டு வந்தால் அடுத்த வாரம் திரும்பிப் போய்விடும்.

ஊரில் கொரோனாவில் தாயோ தந்தையோ இறந்த வீடு இருந்தால் சொல்லுங்கள். மே மாதக் கடைசியில் அரசு அறிவித்தபடி இருவரையும் இழந்த பிள்ளை பெயரில் 5 லட்சம் வைப்பு, ஒருவரை இழந்தால் குடும்பத்துக்கு 3 லட்சம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். மருத்துவமனை கொடுத்த தாள் ஒன்றையும் தூக்கிப் போட வேண்டாம் என்று அந்த வீட்டில் சொல்லிவையுங்கள்.

சத்துணவுக்குப் பதில் தரும் அரிசி, பருப்பு, முட்டையைச் சூளைக் குடும்பங்கள் வாங்கினவா என்றும் பள்ளியில் ஒரு முறை சரிபாருங்கள். ஊரில் இல்லாத மாதங்களில் பலருக்கு விட்டுப்போயிருக்கும்.

---

பதில்: தொடக்கநிலை டீச்சர் | ஜூலை 9

அந்த இரண்டு பையன்களையும் மறுபடி சின்னப் பிள்ளைகளோடு உட்காரச் சொல்லவே வேண்டாம். 12 வயதுப் பையனுக்கு ‘பாப்பா, பட்டம்’ என்று அட்டை நீட்டினால் யாராயிருந்தாலும் எழுந்துதான் போவான். அவர்களுக்கு வேறு நேரம், வேறு சொல். ராத்திரி ஏழு மணிக்கு, தெருவிளக்குள்ள இடத்தில், பையன்களே நம்பும் ஒருவர், அரை மணி நேரம் மட்டும். பிளஸ் டூ முடித்த தம்பி சரியாக வருவார். பெயரையும் வகுப்பு என்று வைக்காதீர்கள்.

அவர்களுக்குப் பேச்சு, கணக்கு, பணம் எல்லாம் நன்றாக வரும். எழுத்து ஒன்றுதான் பாக்கி, அதனால் சின்னப் பிள்ளைக்கு மூன்று மாதமாவதை இவர்கள் ஆறேழு வாரத்தில் பிடித்துவிடுவார்கள். ஈர்க்குச்சி நறுக்குவது, கேனில் தண்ணீர் நிரப்புவது, பிள்ளைகளுக்குக் குச்சி எண்ணிக் கொடுப்பது போன்ற பொறுப்பைக் காலையில் கொடுங்கள். ராத்திரி படிப்பதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்.

முதல் வாரச் சொற்களை அவர்கள் தினம் பார்க்கும் பலகையிலிருந்து எடுங்கள். பேருந்து நெற்றியில் இருப்பது, ரேஷன் கடைச் சுவரில் இருப்பது, கிரிக்கெட் ஆட்டக்காரர் பெயர். செஞ்சி, மயிலம், கடை, பால், அரிசி, அவரவர் பெயர், அப்பா பெயர். ‘மயிலம்’ தெரிந்தவன் ‘மயில்’ படிப்பான், ‘அரிசி’ தெரிந்தவன் ‘அரி’, ‘சிரி’ இரண்டையும் தானே பிரித்துக்கொள்வான். ‘திண்டிவனம்’ கொஞ்சம் பெரிய சொல், இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.